தராசில் ஏறும் முன்: பழைய மின்னணுச் சாதனங்களைச் சீரமைப்பது ஏன், எப்படி

போகிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களின் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேரும் பொருட்களைப் பார்த்தால், ஒரு தலைமுறைக்குள் நம் வீடுகள் எவ்வளவு மாறிவிட்டன என்பது விளங்கும். ஓட்டை விழுந்த பித்தளைக் குடமும் துருப்பிடித்த கடப்பாரையும் வந்த இடத்துக்கு இப்போது திரை உடைந்த கைபேசி, ஓடாத மிக்சி, செட்டாப் பாக்ஸ், மடிக்கணினி, யூபிஎஸ் பெட்டி ஆகியவை வருகின்றன. கடைக்காரர் குடத்தை நிறுத்த அதே தராசில்தான் இவற்றையும் நிறுக்கிறார். இரும்புக்கு ஒரு விலை, பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, செம்புக் கம்பிக்கு ஒரு விலை, 'போர்டு' எனப்படும் மின்சுற்றுப் பலகைக்கு ஒரு விலை. ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் இன்னும் நான்கு ஆண்டுகள் உழைக்கக்கூடிய மடிக்கணினியும், உள்ளே எல்லாம் கருகிப்போன மடிக்கணினியும் அந்தத் தராசில் ஒன்றுதான்.

ஒரு சாதனம் தராசில் ஏறிவிட்டால் அது சாதனமாக இருப்பது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது வெறும் எடை. இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. அந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய வேலைக்குச் சீரமைப்பு என்று பெயர். கடைகளிலும் இணையத்திலும் 'ரீஃபர்பிஷ்டு' என்று எழுதி விற்கப்படும் பொருட்கள் இந்த வேலைக்கு உட்பட்டவை.

பழுதுபார்ப்பு, சீரமைப்பு, மறுசுழற்சி

திருவாரூரில் படிக்கும் ஒரு மாணவியின் மடிக்கணினியில் விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் கடையில் விசைப்பலகையை மாற்றி, அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தால் அது பழுதுபார்ப்பு. அவர் படிப்பை முடித்துப் புதிய கணினி வாங்கிவிட்டார், பழையது அலமாரியில் கிடக்கிறது. அதை ஒருவர் பெற்றுக்கொண்டு, முழுமையாகச் சோதித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, பழைய உரிமையாளரின் தகவல்களை அழித்து, துடைத்து, தரம் பிரித்து, எழுத்துப்பூர்வமான உத்தரவாதத்துடன் இன்னொரு மாணவருக்குக் கொடுத்தால் அது சீரமைப்பு. அந்த மடிக்கணினியை இனி எந்த வகையிலும் ஓட்ட முடியாது என்று தெரிந்த பிறகு, அதை உடைத்துச் செம்பு, அலுமினியம், தங்கம், பிளாஸ்டிக் என்று பிரித்தெடுப்பது மறுசுழற்சி.

மறுசுழற்சி என்ற சொல் மக்களிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. அது தேவையான வேலையும்கூட. ஆனால் அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். ஒரு சாதனத்தை முடிந்தவரை அதே உரிமையாளர் பயன்படுத்துவது முதலாவது. அது முடியாதபோது சீரமைத்து அடுத்தவர் கைக்குக் கொண்டுபோவது, அதுவும் முடியாதபோது நல்ல பாகங்களை மட்டும் எடுத்து வேறு சாதனங்களுக்கு உயிர் கொடுப்பது, எல்லாம் முடிந்த பிறகு மறுசுழற்சி என்பதுதான் சரியான வரிசை. நடைமுறையில் நம் ஊர்களில் நடப்பது, முதல் படியிலிருந்து நேராகக் கடைசிப் படிக்குத் தாவுவதுதான்.

ஏன் இவ்வளவு அக்கறை

2024-ல் வெளியான உலக மின்னணுக் கழிவு அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாகச் சொல்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது 22.3 விழுக்காடு. இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 41 லட்சம் டன். சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த மூன்றாவது இடம். இந்த வேகம் குறையாவிட்டால் 2030-ல் உலக அளவு 8.2 கோடி டன்னை எட்டும் என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது.

கழிவைக் குறைப்பது ஒரு காரணம் மட்டுமே. ஒரு கைபேசியோ மடிக்கணினியோ தன் வாழ்நாள் முழுவதும் ஏற்படுத்தும் கரியமில வாயு வெளியேற்றத்தில் பெரும்பகுதி, அதை வாங்கியவர் முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே, தாது தோண்டுவதிலும் சில்லுகளைத் தயாரிப்பதிலும் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. சில்லுத் தயாரிப்புக்கு மிகத் தூய்மையான நீர் ஏராளமாகத் தேவைப்படுகிறது. ஆகவே ஏற்கனவே தயாராகிவிட்ட ஒரு கணினியை இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்டினால், அதைத் தயாரிக்கச் செலவான நீரும் மின்சாரமும் உழைப்பும் கூடுதலான ஆண்டுகளுக்குப் பயன் தருகின்றன.

மறுசுழற்சியால் இதை ஈடுகட்ட முடியாதா என்று கேட்கலாம். ஒரு டன் பழைய கைபேசிகளில் சில நூறு கிராம் தங்கம் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து தோண்டும் ஒரு டன் தாதுவில் பெரும்பாலும் சில கிராம்தான் கிடைக்கும். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்குத் தேவையான உலோகம் முழுவதையும் ஜப்பானிய மக்கள் கொடுத்த பழைய சாதனங்களிலிருந்தே எடுத்தார்கள்; அவற்றிலிருந்து கிடைத்த தங்கம் மட்டும் 32 கிலோ. எனவே மறுசுழற்சியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் அது மீட்பது உலோகத்தை மட்டுமே. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் பொறிக்கப்பட்ட ஒரு சில்லை உருக்கினால் சில துளி உலோகம் கிடைக்கும். அதைச் செதுக்கிய உழைப்பும் ஆற்றலும் திரும்பக் கிடைக்காது. அரிய மண் தனிமங்களின் நிலை இன்னும் மோசம்: அவற்றுக்கான உலகத் தேவையில் மின்னணுக் கழிவின் மறுசுழற்சியால் நிறைவேறுவது ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே.

வாய்க்கால் கரையில் எரியும் கம்பி

முறைப்படி நடக்கும் மறுசுழற்சியைப் பற்றித்தான் மேலே சொன்னேன். முறையில்லாமல் நடப்பது வேறு. வயரின் மேலுறையைச் சீவி எடுக்க நேரமாகும் என்பதால் அதைக் குவித்துத் தீ வைத்து, எரிந்த பிறகு செம்பை அள்ளுவது பல ஊர்களில் வழக்கம். பிவிசி எனும் பிளாஸ்டிக் உறை எரியும்போது டையாக்சின் உள்ளிட்ட நச்சுகள் உருவாகின்றன. பழைய போர்டுகளில் பாகங்களை ஒட்டியிருக்கும் பற்றாசில் பொதுவாக 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் இருக்கும். போர்டைச் சூடாக்கிப் பாகங்களைத் தட்டி உதிர்க்கும் இடத்தில் அந்த ஈயம் தரையிலும் புகையிலும் சேர்கிறது. தங்கத்துக்காக அமிலத்தில் ஊறவைத்த பிறகு அந்த அமிலம் எங்கோ ஊற்றப்படுகிறது. வடக்கே உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் உள்ள முராதாபாத் நகரம் இப்படிப்பட்ட தொழிலுக்காகவே நெடுங்காலம் செய்திகளில் அடிபட்டது.

காவிரி டெல்டாவில் இதன் விளைவை நாம் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். இது தட்டையான நிலம். கல்லணையில் பிரியும் நீர், வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்து, அங்கிருந்து வாய்க்கால்களாகவும் கன்னி எனப்படும் சிறு வாய்க்கால்களாகவும் பிரிந்து வயலுக்குள் போகிறது. தலைமடையில் ஒருவர் வாய்க்கால் கரையில் கொட்டியது, வண்டலோடு சேர்ந்து கடைமடையில் இன்னொருவருடைய நாற்றங்காலில் படியலாம். ஈயம் மட்கிப்போகும் பொருள் அல்ல. அது மண்ணிலேயே தங்கும். குழந்தைகளின் உடலில் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்த நிலத்தைக் காக்கத்தான் 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் புதிதாகத் தொடங்கக் கூடாத தொழில்களின் பட்டியலில் செம்பு உருக்காலையும் துத்தநாக உருக்காலையும் இருக்கின்றன. அப்படியொரு பாதுகாப்பைக் கேட்டுப் போராடிப் பெற்ற மக்கள், புகைபோக்கிகூட இல்லாமல் வாய்க்கால் கரையில் செம்புக்காக நடக்கும் எரிப்பைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எரிப்பவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அன்றாடக் கூலிக்கு அதைச் செய்கிறவர்தான் அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறார். அவருடைய கைக்குப் போகும் பொருட்களின் அளவைக் குறைப்பதே வழி, சீரமைப்பு அதைத்தான் செய்கிறது.

ஒரு மடிக்கணினியைத் திறந்து பார்த்தால்

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. டெல்டா மாவட்டங்களின் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு முதல் கணினியே அதுதான். அவற்றில் பல இன்று பரணில் கிடக்கின்றன. சீரமைப்பைப் புரிந்துகொள்ள அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வது பொருத்தம்.

"ஆன் ஆகவில்லை" என்று சொல்லித்தான் அது கடைக்கு வரும். மெக்கானிக் முதலில் மடிக்கணினியைத் தொடமாட்டார். சார்ஜரின் முனையில் மல்டிமீட்டரை வைப்பார். பெரும்பாலான மடிக்கணினிச் சார்ஜர்கள் 19 அல்லது 20 வோல்ட் தர வேண்டும். அது வராவிட்டால் குறை சார்ஜரில்தான். வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரை மட்டும் இணைத்துப் பார்ப்பார். செத்துப்போன பேட்டரியே கணினியை எழவிடாமல் தடுப்பது உண்டு. அதன் பிறகு நினைவகப் பலகையை (ரேம்) வெளியே எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடியும் பொருத்துவார். ஈரப்பதத்தால் அந்தப் பற்களில் படிந்த கறை நீங்கினாலே பல கணினிகள் உயிர்பெற்றுவிடும். பார்ப்பவருக்கு இது மாயம் போலத் தோன்றலாம். மின்தொடர்பு அறுந்திருந்த இடத்தில் அது மறுபடியும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பின்மூடியைத் திறந்தால் விசிறிக்கும் அதன் அருகிலுள்ள உலோகத் தகடுகளுக்கும் இடையே பஞ்சும் தூசியும் அடைத்து நிற்பது தெரியும். காற்று வெளியேற வழியில்லாததால் செயலி சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உரிமையாளர் "கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது" என்று முடிவுகட்டுகிறார். அந்த அடைப்பை நீக்கி, செயலியின் மேல் காய்ந்து பொடியாகிப்போன வெப்பக் களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதிய களிம்பை ஒரு பட்டாணி அளவு வைத்தால் அந்த முதுமை பாதி விலகிவிடும். போர்டில் காசு அளவில் ஒரு 3 வோல்ட் மின்கலம் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், தேதி தவறினால் பாதுகாப்பான இணையத்தளங்கள் எதுவும் திறக்க மறுக்கும். "நெட் வேலை செய்யவில்லை" என்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் சிலவற்றுக்குத் தேவைப்படுவது இந்தச் சிறிய மின்கலம் மட்டுமே.

மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-யைப் பொருத்துவது. சுழலும் தட்டில் எழுதிப் படிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கால் கணினி எழுந்து நிற்கவே சில நிமிடங்கள் ஆகும். எஸ்எஸ்டி-யில் அரை நிமிடம்கூட ஆகாது. 2 ஜிபி நினைவகத்தை 4 அல்லது 8 ஆக உயர்த்தினால் போதும், பாடங்களைப் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப, கணக்கு எழுத, தமிழில் தட்டச்சு செய்யத் தேவையான வேகம் கிடைத்துவிடும். அதற்கான நினைவகப் பலகைகளைப் பெரும்பாலும் செத்துப்போன வேறு மடிக்கணினிகளிலிருந்தே எடுக்கலாம். சீரமைப்பவர்கள் உயிரற்ற கணினிகளையும் சேர்த்து வாங்குவது இதனால்தான்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. இதனால் வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாத ஏராளமான கணினிகள் 'காலாவதி' என்ற முத்திரையுடன் வெளியே வருகின்றன. விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படும் இயங்குதளமான லினக்ஸ் அவற்றுக்கு நல்ல மாற்று. லுபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன, பழைய கணினியிலும் இலகுவாக ஓடுகின்றன, தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் உண்டு. விலையில்லா மடிக்கணினிகளிலேயே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது என்பதையும் நினைவுகூரலாம். பல மாணவர்கள் அதைத் திறந்து பார்க்காமலே விட்டுவிட்டார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

டெல்டாவின் கடலோரத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, உப்பளங்கள் நிறைந்த வேதாரண்யம் ஆகிய இடங்களிலிருந்து வரும் போர்டுகளில் செம்புத் தடங்களின் மேல் பச்சை நிறத்தில் களிம்பு பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை அது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுச் சுரண்டி, அறுந்த தடத்தை முடி போன்ற கம்பியால் இணைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தபோது மழையில் நனைந்த சாதனங்கள் ஏராளம். அப்படி நனைந்த ஒன்றை உடனே ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, கழற்ற முடிந்தால் பேட்டரியைக் கழற்றி, திறந்து உலர்த்த வேண்டும். நனைந்த கைபேசியை அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் பழக்கம் நெல் விளையும் நம் பகுதியில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, அதன் மாவுத் துகள்தான் சார்ஜர் துளைக்குள் புகுகிறது.

கைபேசியும் அதன் பூட்டும்

கைபேசியில் முதலில் தேய்வது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி ஏறத்தாழ 300 முதல் 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கிய பிறகு தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு இறங்குவது இயல்பு. அதை மாற்றி, சார்ஜர் துளையைச் சுத்தம் செய்து, திரையைச் சரிபார்த்தால் கைபேசி அடுத்தவருக்குத் தயாராகிவிடும். ஆனால் சீரமைப்பவரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் வன்பொருள் அல்ல, பூட்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை நீக்காமல் நேரடியாகத் தகவல்களை அழித்துவிட்டால், மறுபடியும் அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. கணக்கை நீக்காமல் கொடுத்தால் நல்ல கைபேசியையும் தராசுக்கு அனுப்பிவிடுகிறது.

தகவல் அழிப்பை மேலோட்டமாகச் செய்யக் கூடாது. கணினியில் கோப்புகளை அழித்துக் குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் அவை மறைவதில்லை. இருப்பிடக் குறிப்பு மட்டுமே அழிகிறது. ஹார்ட் டிஸ்க் முழுவதும் மேலெழுதும் மென்பொருளை ஓட்ட வேண்டும். புகைப்படங்கள், ஆதார் நகல், வங்கிச் செய்திகள் ஆகியவை வேறு கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தால்தான் பலர் பழைய சாதனங்களை அலமாரியிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அச்சம் நியாயமானது. உரிமையாளர் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டும் கடைகள் அந்த அச்சத்தைத் தீர்க்கும்.

சீரமைக்கக் கூடாதவை

பழையது எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. 2006 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் போய்ச் சேர்ந்தன. அவை படக்குழாய் கொண்டவை. அந்தக் குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்துவிட்டு, கண்ணாடியைக் குளக்கரையில் வீசிவிட்டுப் போவது நடக்கிறது. இவற்றைச் சீரமைப்பதில் இனிப் பயனில்லை. உடைக்காமல், முழுதாக, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே செய்ய வேண்டியது. மிகப் பழைய குளிர்பதனப் பெட்டிகளும் அப்படியே: மின்சாரத்தை அதிகமாக இழுப்பதோடு, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுவும் அவற்றில் இருக்கக்கூடும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

நம் ஊர்ப் பொருளாதாரத்தில்

செல்வ நாடுகளில் ஒரு மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி, பழைய சாதனத்தின் மதிப்பைவிட அதிகமாக இருப்பதால் அது குப்பைக்குப் போகிறது. நம்மிடம் நிலைமை தலைகீழ். திறமை இருக்கிறது, கூலி கட்டுபடியாகிறது, புதியதை வாங்க முடியாதவர்கள் ஏராளமாக இருப்பதால் சந்தையும் இருக்கிறது. நம்மிடம் இல்லாதவை நல்ல உதிரி பாகங்களும் நிறுவனங்கள் வெளியிட மறுக்கும் மின்சுற்று வரைபடங்களும்தான்.

திறமை இருப்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. குறுவைக்கு நீர் இறைக்கும் நாட்களில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் எரிந்துபோனால், அருகிலுள்ள சிறு நகரத்தில் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடைக்கு எடுத்துப்போகிறார்கள். கடைக்காரர் பழைய சுருளை அறுப்பதற்கு முன் ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை சுற்று என்று எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிறார். எரிந்த செம்பின் எடைக்கு உரிய தொகையைக் கூலியில் கழித்துக்கொள்கிறார். இரும்புக் கூடும் அச்சும் அப்படியே இருக்க, தேய்ந்தது மட்டும் மாறுகிறது. தஞ்சை விவசாயிக்கு இது பல பத்தாண்டுகளாகப் பழகிய நடைமுறை. மோட்டாருக்குச் செய்வதைக் கணினிக்கும் கைபேசிக்கும் செய்யும் பட்டறைகள் நமக்குத் தேவை. தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் படித்து வெளிவரும் இளைஞர்கள் இந்த வேலைக்கு ஏற்றவர்கள். மல்டிமீட்டர், சால்டரிங் அயன், சூடான காற்றை ஊதும் கருவி, உருப்பெருக்கி, நல்ல திருப்புளிகள் ஆகியவை இருந்தால் ஒரு சிறு அறையில் தொடங்கலாம்.

எங்கிருந்து சாதனங்களைப் பெறுவது என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. வீடு வீடாகச் சேகரித்தால் ஒவ்வொன்றும் ஒரு மாடலாக இருக்கும். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது. கல்லூரி, வங்கி, அரசு அலுவலகம் ஆகியவற்றிலிருந்து ஒரே மாதிரியான அறுபது கணினிகள் ஒன்றாக வந்தால், இருபது உயிரற்றவையிலிருந்து பாகம் எடுத்து நாற்பதை ஓட வைத்துவிடலாம். இப்படிப்பட்ட கணினிகள் மொத்தமாக ஏலத்தில் எடைக்குப் போவதைத் தடுத்தாலே டெல்டாவின் பல பள்ளிகளுக்குக் கணினி அறை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, சீரமைப்பாளர்களைத் தனிப் பிரிவாக ஏற்று, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. சாதனங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனம், அவற்றில் குறிப்பிட்ட அளவை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்த நிறுவனம் சீரமைப்பாளரிடமிருந்து சான்றிதழ் பெற்றால் அந்த அளவுக்கு அதன் பொறுப்பு தள்ளிப்போகிறது, பின்னாளில் அதில் 75 விழுக்காடு மட்டுமே கணக்கில் சேர்கிறது. அதாவது சீரமைப்புக்கு நிறுவனம் பணம் கொடுப்பதற்கு ஒரு காரணத்தை விதி உருவாக்கியிருக்கிறது. ஒரு நிதியாண்டில் ஆயிரம் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் அமைப்புகள் பதிவு பெற்றவர்களிடமே கழிவை ஒப்படைக்க வேண்டும். ஆனால் இந்தப் பதிவும் கணக்கும் பெரிய நிறுவனங்களுக்கு எளிது; கடைத்தெருவில் ஒற்றை மேசையில் வேலை செய்பவருக்குக் கடினம். ஒரு நகரத்தின் சர்வீஸ் கடைகள் கூட்டாகச் சேர்ந்து பதிவு செய்வதற்கும், மிஞ்சும் போர்டுகளையும் பேட்டரிகளையும் ஓரிடத்தில் சேர்த்து ஒரு வண்டிப் பாரமாக மறுசுழற்சியாளருக்கு அனுப்புவதற்கும் மாவட்ட நிர்வாகங்கள் உதவினால் அந்தக் கடினம் பாதியாகக் குறையும்.

வாங்குபவரும் கொடுப்பவரும்

சீரமைத்த பொருளை வாங்குபவர் ரசீதும், எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்று எழுதிய உத்தரவாதமும் கேட்டுப் பெற வேண்டும். கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, சூடாகிறதா, சார்ஜ் ஏறுகிறதா, எல்லா விசைகளும் எழுதுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கைபேசி என்றால் *#06# என்று அழுத்தி அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால், அது முடக்கப்பட்ட கைபேசியா என்பது தெரியும். திருட்டுப் பொருளைச் சந்தையிலிருந்து விலக்குவதில்தான் இந்தத் தொழிலின் நற்பெயர் நிற்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன கைபேசியில் வங்கிச் செயலிகளைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. பாடம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அது போதும்.

கொடுப்பவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. தேவையானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, கூகுள் கணக்கையும் திரைப் பூட்டையும் நீக்கி, சிம் அட்டையையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, சார்ஜரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எப்போது, எப்படி நின்றுபோனது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்தால் மெக்கானிக்குக் குறையைத் தேடும் நேரம் வெகுவாக மிச்சமாகும். எல்லாவற்றையும்விட, நின்றுபோன ஆண்டிலேயே கொடுத்துவிட வேண்டும். ஏழெட்டு ஆண்டுகள் பரணில் கிடந்தால் பேட்டரி உப்பி, உதிரி பாகமும் சந்தையில் கிடைக்காமல் போய்விடும்.